அம்மாவின் இடுப்பு வலிக்கு எதற்கு எலக்ட்ரோபோரெசிஸ் என்கிற ரத்தப் பரிசோதனை என்று கேட்டிருக்கிறீர்கள். காசு பிடுங்கும் வேலையா என்றும்.

இல்லை. நாளைக்கே எடுத்துவிடுங்கள். உங்கள் அம்மாவுக்கு அறுபது வயது தாண்டியிருக்கும், ரத்தமும் குறைவாக இருக்கும் என்று நினைக்கிறேன். சும்மா இடுப்பு வலிக்கெல்லாம் இதை எழுதமாட்டார்கள்.

எங்கள் வீடு தண்டையார்பேட்டை. அப்பா ஹார்பரில் வேலை பார்த்தவர். முதுகு வலி என்று போன இடத்திலெல்லாம், "மூட்டை தூக்குன ஒடம்பு, வலிக்காம என்ன செய்யும்?" என்று வலி மாத்திரையும் பெல்ட்டும் கொடுத்தார்கள். யூரினில் ஸ்டிரிப் வைத்துப் பார்த்துவிட்டு, புரதம் போகவில்லை என்றார் ஒருவர். அந்த ஸ்டிரிப் முக்கியமாக ஆல்புமினைத்தான் காட்டும். மைலோமா என்கிற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயில் போகிற பென்ஸ் ஜோன்ஸ் புரதம் அதில் பெரும்பாலும் சிக்காது.

கடைசியில் ஒரு இளம் டாக்டரம்மாதான் பழைய ரிப்போர்ட்டையே திரும்பப் பார்த்தார். மொத்தப் புரதம் 10.2, ஆல்புமின் 3.1. மொத்தமே 8-க்குள் இருக்க வேண்டியது. "மீதி ஏழு கிராம் என்னன்னு யாரும் கேக்கலையா?" என்றார். அன்றைக்கே எலக்ட்ரோபோரெசிஸ் எழுதினார். ரத்தத்தில் உள்ள புரதங்களை மின்சாரம் வைத்துப் பிரித்து வரைபடமாகக் கொடுப்பார்கள். அதில் நோய் எதிர்ப்புப் புரதங்கள் வரும் காமா பகுதி தாழ்வாக, அகலமாக இருக்க வேண்டும். அப்பாவின் தாளில் அந்த இடத்தில் ஆணி அடித்த மாதிரி ஒரே கூர். அந்தப் புரதங்களை உண்டாக்கும் பிளாஸ்மா செல்லில் ஒரே வகை மட்டும் பெருகி ஒரே புரதத்தைக் கொட்டியிருக்கிறது. எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்து மல்டிபிள் மைலோமா என்று உறுதி செய்தார்கள்.

போர்டிசோமிப் ஊசி போட்டார்கள். வேண்டாத புரதத்தைச் செல் அப்புறப்படுத்தும் வழியை அது அடைத்துவிடும். புரதத்தை அளவில்லாமல் உண்டாக்கும் செல், அது தேங்கியே சாகும். மருந்து கேட்கிறதா என்று பார்ப்பதும் இதே டெஸ்டில்தான். கூர் இறங்க இறங்க எங்களுக்கு மூச்சு வந்தது.

ஊசிக்குப் போகிற பாடுதான் பெரும்பாடு. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நிற்கும். இந்த நோய் அரித்து நொறுங்கிய முதுகெலும்போடு ஆட்டோவில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அப்பா பல்லைக் கடிப்பார். இந்தப் பக்கத்து ஜனம் ஆஸ்பத்திரிக்குப் போகவே வழி கேட்டுக் கெஞ்ச வேண்டுமா?

பயமுறுத்துகிறேன் என்று யாராவது கமெண்ட் போடுவார்கள். நான் டாக்டர் இல்லை. முதுகு வலி எல்லாம் மைலோமா என்றும் சொல்லவில்லை. சின்னக் கூர் இருந்தும் நோய் இல்லாதவர்கள் உண்டு, அவர்கள் அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும்.

ஒன்று மட்டும் டாக்டரிடம் கேளுங்கள்: ஃப்ரீ லைட் செயின் டெஸ்டும் (அந்தப் புரதத்தின் சின்னத் துண்டுகளை ரத்தத்தில் அளப்பது) சேர்த்து எடுக்கலாமா என்று. சிலருக்குக் கூரே தெரியாது, லைட் செயின் மட்டும் ஏறியிருக்கும். அதுவரை கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள், மைலோமாவாக இருந்தால் கிட்னி தாங்காது.