திரைவாசிப்பானும் கணினி ஆய்வகமும்: கேள்வி பதில்

பார்வையற்ற கணினி மாணவர்களும் அவர்களுடைய ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு, கணினித் திரையில் உள்ளதைப் பேச்சாகச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பானின் துணையோடு நிரல் எழுதும் பார்வையற்ற நிரலாளர் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி (முதலாம் ஆண்டு மாணவர்): ஐயா, பைதான் நிரல்மொழி வகுப்பில், நிரல் எழுதுவதற்கான ஐடில் மென்பொருளைத் திறந்தால் என்.வி.டி.ஏ. திரைவாசிப்பான் வாயே திறப்பதில்லை. நான் ஏதேனும் தவறு செய்கிறேனா?

பதில்: தவறு உங்களுடையது அன்று, தம்பி. திரைவாசிப்பான் திரையைப் பார்த்துப் படிப்பதில்லை. "இது பொத்தான், இதன் பெயர் சேமி, இப்போது அழுத்தக்கூடிய நிலையில் இருக்கிறது" என்ற செய்தியை ஒவ்வொரு மென்பொருளும் இயங்குதளத்திடம் தெரிவிக்க வேண்டும்; அப்படித் தெரிவிக்கப்பட்டதை மட்டுமே திரைவாசிப்பான் நமக்குச் சொல்லும். ஐடில், சாளரங்களையும் பொத்தான்களையும் உருவாக்க உதவும் டிகின்டர் என்ற பைதான் கருவித்தொகுப்பைக் கொண்டு எழுதப்பட்டது. இன்று ஆய்வகங்களில் பரவலாக உள்ள டிகின்டர் பதிப்புகள் அந்தச் செய்தியை விண்டோஸுக்குத் தருவதில்லை என்பதால், கண்ணுக்குத் தெரியும் எழுத்து காதுக்கு வந்து சேர்வதில்லை. நோட்பேடில் நிரலை எழுதிக் கட்டளைச் சாளரத்தில் இயக்குங்கள். பைதான் அதே பைதான்தான். பழகிய பிறகு வி.எஸ். கோடு என்ற நிரல் எழுதும் மென்பொருளுக்கு மாறலாம். அது திரைவாசிப்பான் இயங்குவதைத் தானே உணர்ந்துகொள்ளும். எஃப்8 விசையை அழுத்தினால் அடுத்த பிழை இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தும்.

கேள்வி (அதே மாணவர்): பைதானில் எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதை வரியின் தொடக்க இடைவெளிகளே காட்டுகின்றன. அவை எத்தனை உள்ளன என்பதை எப்படி அறிவது?

பதில்: என்.வி.டி.ஏ. அமைப்புகளில் ஆவண வடிவமைப்புப் பகுதிக்குச் சென்று, வரி உள்தள்ளலை, அதாவது அந்தத் தொடக்க இடைவெளியை, ஒலியாக அறிவிக்கும்படி மாற்றுங்கள். உள்ளே செல்லச் செல்லச் சுருதி ஏறும். சில வாரங்களில், ஒரு வரி எந்தச் சுழற்சிக்குள் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்காமலே காது சொல்லிவிடும். நிறுத்தற்குறிகள் அனைத்தையும் படிக்கும் நிலையையும் தேர்ந்தெடுங்கள். அடைப்புக்குறி ஒன்று விடுபட்டதால் இரவெல்லாம் விழித்தவன் என்ற முறையில் இதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

கேள்வி (விரிவுரையாளர்): எங்கள் ஆய்வகத்தில் சி++ நிரல் எழுத இன்னும் டர்போ சி++ என்ற பழைய மென்பொருள்தான் உள்ளது. பார்வையற்ற மாணவிக்கு உதவியாளர் ஒருவரை அமர்த்தினால் போதாதா?

பதில்: போதாது, ஐயா. பழைய டாஸ் மென்பொருள்களை இன்றைய கணினியில் இயக்கும் டாஸ்பாக்ஸ் வழியாக இயங்கும் டர்போ சி++ தன் திரை முழுவதையும் ஒரே படமாக வரைந்துவிடுவதால், எந்தத் திரைவாசிப்பானாலும் அதற்குள் நுழைய முடியாது. உதவியாளர் தட்டச்சு செய்யலாம். ஆனால் பிழைச் செய்தியைத் தானே கேட்டு, தானே தேடி, தானே திருத்துவதில்தான் நிரலாக்கக் கல்வி இருக்கிறது, அது அந்த மாணவிக்குக் கிடைக்காமல் போகும். சி++ நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் ஜி.சி.சி. தொகுப்பி இலவசமே; கட்டளைச் சாளரத்தில் அதன் பிழைச் செய்திகளை வரி எண்ணோடு கேட்கலாம். தேர்வைப் பொறுத்தவரை, 2018-இல் மாற்றுத்திறனாளிகளுக்காக மத்திய அரசு வெளியிட்ட எழுத்துத் தேர்வு வழிகாட்டுதல்களே கணினியில் எழுதுவதை ஒரு தெரிவாக ஏற்று, அந்தக் கணினியை ஒரு நாள் முன்னதாகச் சோதித்துப் பார்க்கவும் இடமளித்தன. கரும்பலகையைச் சுட்டி "இதை இங்கே மாற்றுங்கள்" என்று சொல்லும் இடங்களில் வரி எண்ணையும் மாறியின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். வகுப்பில் உள்ள மற்றவர்களுக்கும் அது தெளிவாக இருக்கும்.

கேள்வி (ஒரு தாய்): மகனுக்கு விலை கொடுத்து ஜாஸ் என்ற திரைவாசிப்பானை வாங்க வேண்டுமா?

பதில்: தேவையில்லை, அம்மா. 2006-இல் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கிய என்.வி.டி.ஏ. இலவசமானது, பென் டிரைவில் வைத்துக் கல்லூரிக் கணினியிலும் இயக்கலாம்.

கேள்வி (இரண்டாம் ஆண்டு மாணவி): தமிழ்ப் பாடக்குறிப்புகள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக ஒலிக்கின்றன. தரவுகளைக் கிளைகிளையாகக் காட்டும் மர வரைபடங்களோ படங்களாகவே வருகின்றன.

பதில்: குறிப்புகள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருக்க வேண்டும். அதில் "தமிழ்" என்ற சொல், கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றே இருக்கிறது. கண்ணுக்கு மட்டுமே அது தமிழ். பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றித் தரும்படி ஆசிரியரிடம் கேளுங்கள், மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வரைபடங்களை, அவற்றை எழுத்தால் விவரிக்கும் கிராஃப்விஸ் மொழியில் கேட்டுப் பெறுங்கள். "எட்டிலிருந்து மூன்றுக்கு, எட்டிலிருந்து பத்துக்கு" என்று ஒவ்வொரு கிளையும் ஒரு வரியாக இருப்பதால் மரம் முழுவதையும் கேட்டே அறியலாம். அதே கோப்பிலிருந்து பார்வையுள்ள தோழியருக்குப் படமும் வரைந்துகொள்ளலாம். நீங்களும் விடைகளை அவ்வாறே எழுதிக் கொடுக்கலாம்.