கிமோனோவில் ஒரே நாள் கியோட்டோ: மலையுச்சியை விட்டுவிடுங்கள்

ஜப்பானின் கியோட்டோவில் காலை 10 மணிக்கு அந்நாட்டு மரபுடையான கிமோனோவை வாடகைக்கு எடுத்து, கியோமிசு கோயில், கியோன் என்ற பழைய கெய்ஷா பகுதி, ஃபுஷிமி இனாரி கோயிலின் மலையுச்சி எல்லாம் பார்த்துப் படமெடுத்து, மாலை 5 மணிக்குள் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மலையுச்சி வேண்டாம். 233 மீட்டர்தான், ஆனால் வழியெல்லாம் படிக்கட்டு. கிமோனோவில் கால் ஒரு முழத்துக்கு மேல் அகலாது. ஜோரி செருப்பின் வார் விரலிடுக்கைக் கடிக்க ஆரம்பித்தால் படமெடுக்கும் ஆசையே போய்விடும். நான் கியோமிசுவுக்குப் பக்கத்துச் சன்னென்சாகா தெருவின் படிகளிலேயே பிளாஸ்திரி தேடியவள்!

முதலில் கியோமிசு. இறங்கும்போது சன்னென்சாகா, நினென்சாகா என்ற படித்தெருக்கள், யசாகா பகோடா என்ற அடுக்குக் கோபுரம். நல்ல படங்களெல்லாம் இந்த வழியிலேயே கிடைத்துவிடும். கியோனில் ஹனாமிகோஜி தெருவோடு நில்லுங்கள். பக்கத்துத் தனியார் சந்துகளில் 2024 முதல் சுற்றுலாப் பயணிகள் நுழையக் கூடாது. மீறினால் 10,000 யென் அபராதம் என்று பலகையே இருக்கிறது.

இன்னொன்று, கழுத்துப்பட்டியில் உங்கள் இடப்பக்கம்தான் மேலே வரவேண்டும். வலப்பக்கம் மேலே வருவது பிணத்துக்கு உடுத்தும் முறை. கடையில் சரியாகத்தான் கட்டிவிடுவார்கள்; செல்ஃபி கேமராதான் சில சமயம் இடவலம் மாற்றிப் பதிந்துவிடும். ஊருக்கு அனுப்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.