டிசைனர் வரைந்த படத்தை மட்டும் பார்த்து அந்த உடையைத் தைத்துவிட முடியுமா?

முடியாது என்றுதான் சொல்வேன். நான் முயன்று பார்த்தவள்.

1947 பிப்ரவரி 12 அன்று, பாரிஸில் பிரெஞ்சு டிசைனர் கிறிஸ்டியன் டியோர் தன் பெயரில் முதல் உடைத் தொகுப்பைக் காட்டினார். அதில் வந்த 'பார்' என்ற உடை என்றால் எனக்கு உயிர். தந்த நிறப் பட்டுக் கோட்டு, கெண்டைக்கால் வரை விரியும் கறுப்புக் கம்பளிப் பாவாடை. படத்தில் பார்த்தால் சுலபமாகத் தெரியும். சரிந்த தோள், ஒடுங்கிய இடை, அங்கிருந்து சட்டென்று வெளியே விரியும் கோட்டின் ஓரம், அவ்வளவுதான். நானும் அளவெடுத்து, டாட் (உடம்புக்கு ஒட்டும்படி துணியை மடித்துத் தைப்பது) பிடித்து, லைனிங் கொடுத்துத் தைத்தேன். படத்தில் பூவிதழ் போல நின்ற ஓரம் என் கோட்டில் துவண்டு தொங்கியது.

2019-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் டியோர் கண்காட்சி நடந்தது. அங்கே அந்த உடையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பக்கவாட்டில் நின்று பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. இடைக்குக் கீழே கோட்டுக்குள் பஞ்சு வைத்துத் திண்டு போலக் கட்டியிருக்கிறார்கள். போதாதற்கு, டியோர் தன் துணிகள் பெரும்பாலானவற்றுக்கும் உள்ளே பெர்கேல் என்ற நெருக்கமான பருத்தித் துணியோ, டஃபெட்டா என்ற மொடமொடப்பான பட்டுத் துணியோ கொடுத்து விறைப்பாக்கச் சொல்வார். இதெல்லாம் படத்தில் எங்கே தெரியும்?

அவர் வேலை செய்த முறையும் இதைத்தான் காட்டுகிறது. ஒவ்வொரு பருவத்துக்கும் படுக்கையில், சாப்பாட்டு மேசையில், குளியல் தொட்டியில்கூட நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னப் படங்களாகக் கிறுக்கித் தள்ளுவார். அப்புறம் அவை தையற்கூடத் தலைவிகளிடம் போகும். அவர்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் மாதிரி தைத்துக் கொண்டுவருவார்கள். அதைப் பார்த்து மாற்றி, சிலவற்றைக் கழித்த பிறகுதான் நல்ல துணியில் கத்தரி படும். அவர் கிறுக்கியவற்றில் பல உடையாகவே ஆனதில்லை. படம் வரைந்தவரே நேராகப் பட்டுத் துணியை வெட்டவில்லை, நான் வெட்டினேன்.

உங்களிடம் ஒரு படம் இருந்தால், அதில் எந்தக் கோடு உடம்பை ஒட்டிப் போகிறது, எது உடம்பை விட்டு விலகுகிறது என்று முதலில் பாருங்கள். விலகும் இடத்திலெல்லாம் உள்ளே ஏதோ தாங்குகிறது என்று அர்த்தம். பிறகு காடாத் துணியில் வெட்டிப் பாருங்கள். எனக்கு நான்கு காடா மாதிரிகள் பிடித்தன. நான்காவதில், பஞ்சுத் திண்டை ஓர் அங்குலம் கீழே இறக்கியதும், ஓரம் நின்றது.