நொய்யல் ஆற்றில் சாயம் கலப்பது நின்றால் போதுமா?

கேள்வி இதுதான்: "நொய்யலுக்குச் சாயக்கழிவுதானே பிரச்சினை? நகரம் பெருகுவதற்கும் மருந்துக்குக் கேட்காத கிருமிகளுக்கும் என்ன சம்பந்தம்?"

2011-இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்னபோது ஊரெல்லாம் அதே பேச்சு. வீட்டுச் சாக்கடையை நாங்கள் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

என் அமுச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, நீர்க்கடுப்பு வந்தது. இரண்டு முறை மாத்திரை மாற்றியும் கேட்கவில்லை. கிருமி எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்க்கச் சிறுநீரைக் கல்ச்சர் டெஸ்டுக்குக் கொடுத்தோம். ரிப்போர்ட்டில் வரிசையாக மருந்துப் பெயர்கள்; எதிரே 'ஆர்', 'ஆர்', 'ஆர்'. அந்த மருந்துக்குக் கிருமி அசையாது என்று அர்த்தம். கடைசியில் ஊசி போட்டுத்தான் தேறினார். அத்தனை நாளும் எங்கள் வீட்டுக் கழிவறையிலிருந்து போனதெல்லாம் எங்கே சேர்ந்திருக்கும் என்ற நினைப்பு அப்புறம் என்னை விடவே இல்லை.

நாம் விழுங்கும் ஆன்டிபயாடிக்குகள் பலவற்றில் பெரும்பங்கு உடம்பில் சிதையாமலே வெளியேறிவிடும். கூடவே அதற்குத் தப்பிய கிருமிகளும் போகும். கோயம்புத்தூர் மாதிரி ஊரில் லட்சக்கணக்கான வீடுகளும் மருத்துவமனைகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றின் கழிவில் ஒரு பங்கு ஓடைப்பள்ளங்களிலும் ஆற்றிலும் ஒன்றாகக் கலக்கிறது.

தண்ணீராவது ஓடிவிடும், சேறு அங்கேயே கிடக்கும். சிப்ரோஃப்ளாக்சசின், டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகள் களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும். கிருமிகள் வழவழப்பான படலமாக நெருக்கியடித்து வாழ்வதும் அங்கேதான். மருந்தைத் தாங்கும் மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையத்தில் வைத்து ஒரு கிருமி பக்கத்துக் கிருமிக்குக் கொடுத்துவிடும். வேறு இனமாக இருந்தாலும் கொடுக்கும். நோயே தராத மண்கிருமி அதை வாங்கி வைத்திருந்து, பிறகு நோய்க்கிருமிக்குத் தரலாம்.

சாயக்கழிவு இங்கேதான் மறுபடி வருகிறது; முலாம்பூச்சுப் பட்டறைக் கழிவும் கூடவே வருகிறது. இவற்றில் உலோகங்கள் இருக்கலாம். செம்பு, துத்தநாகம் போன்ற உலோகங்களைத் தாங்கும் மரபணுவும் மருந்தைத் தாங்கும் மரபணுவும் பலமுறை ஒரே வளையத்தில் இருக்கும். சேற்றில் உலோகம் தங்கியிருந்தாலே போதும், மருந்து இல்லாமலும் அந்தக் கிருமிகள் தழைக்கும்.

சுத்திகரிப்பு நிலையம் கட்டாயம் வேண்டும், கிருமி வெகுவாகக் குறையும். ஆனால் இந்த மரபணுக்களை முழுதாக ஒழிக்க அந்த நிலையங்கள் கட்டப்படவில்லை. அடியில் படியும் கசடிலும் நிறையத் தங்கும்.

ஐப்பசி வெள்ளத்தில் சேறு கலங்கிக் கீழே குளங்களுக்குப் போகிறது. குளத்து வண்டலைத் தோட்டத்துக்கு அடிக்கலாமா என்று மாமா கேட்டார். சாக்கடை விழுகிற குளமென்றால் பச்சையாகத் தின்னும் கீரை, தக்காளிக்கு மட்டும் வேண்டாங்க மாமா என்றேன்.