தூத்துக்குடியில் ஒரு பகல் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

கோயம்புத்தூரில் இருக்கும் என் மைத்துனர் குடும்பம் வரும் மே மாதத்தில் பாளையங்கோட்டைக்கு வருகிறது. குற்றாலம், திருச்செந்தூர், கன்னியாகுமரி எல்லாம் அவர்கள் முன்பே பார்த்தவை. இந்த முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடிக்கு அழைத்துப் போகலாம் என்று நான் சொன்னதும் என் மனைவி சிரித்துவிட்டார். "அங்கே துறைமுகத்தையும் உப்பையும் தவிர என்ன இருக்கிறது?" என்கிறார். இணையத்தில் தேடினால் ஒரு பூங்கா, ஒரு கடற்கரை, ஒரு மாதா கோவில் என்று மூன்று படங்கள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. எழுபது வயதைக் கடந்த என் மாமியாரும் உடன் வருவார். ஆனாலும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நடக்கப் பிடிக்கும். சென்னை மெரினாவில் நடப்பதைப் போல நடந்து பார்க்க அங்கே ஏதேனும் உண்டா, அல்லது பேசாமல் மறுபடியும் கன்னியாகுமரிக்கே போய்விடலாமா?

ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

துறைமுகத்தையும் உப்பையும் எடுத்துவிட்டால் தூத்துக்குடியில் வெளியூர்க்காரர்களுக்குக் காட்ட அதிகம் மிஞ்சாது என்பதில் உங்கள் மனைவியோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே அவ்விரண்டையுமே காட்டுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் நாளை மாற்றிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், சனிக்கிழமை போங்கள். அந்தக் கடற்கரையின் மீனவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். ஞாயிறன்று கடலுக்குப் போவதில்லை. மற்ற ஊர்களில் சுற்றுலாவுக்கு ஏற்ற நாளாக இருக்கும் ஞாயிறு, அந்த ஊரைப் பொறுத்தவரை கடற்கரை ஓய்ந்து கிடக்கும் நாள். எந்த இடத்துக்குப் போகிறோம் என்பதைவிட எந்த நேரத்துக்குப் போகிறோம் என்பதே அங்கே முக்கியம். இணையத்துப் பட்டியல்கள் இடத்தைச் சொல்கின்றன, நேரத்தைச் சொல்வதில்லை.

மெரினாவை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மெரினாவின் அகன்ற மணல்வெளியே ஒரு வகையில் துறைமுகம் உண்டாக்கியதுதான்: 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது, தெற்கிலிருந்து கரையோரமாக நகர்ந்து வந்த மணல் அங்கே தடைபட்டு ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போயிற்று. தூத்துக்குடியின் கதை வேறு. அங்கிருந்து இராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் அலையின் வேகத்தைக் கடலிலேயே உடைத்துவிடுகின்றன. திருச்செந்தூரில் அலையில் நின்று பழகியவர்களுக்குத் தூத்துக்குடிக் கடல் குளம் போலத் தோன்றும். கரையோரம் ஆழமும் குறைவு. பழைய காலத்தில் பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளியே நங்கூரமிட்டு நிற்க, சரக்கும் ஆட்களும் படகில்தான் போய்வர வேண்டியிருந்தது. பாம்பன் பாலம் 1914-இல் திறக்கப்படும் வரை, சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடி வந்து, அங்கேதான் கப்பல் ஏறினார்கள். 1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி போட்டியிட்டது இந்தக் கொழும்புப் பாதையில்தான். எனவே அந்தக் கரையில் நிற்கும்போது அலையைத் தேடாமல், அந்த அமைதியான தண்ணீரில் என்னவெல்லாம் ஏறி இறங்கியிருக்கின்றன என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இனி வழி. விடியுமுன் பாளையங்கோட்டையை விட்டுக் கிளம்பிவிடுங்கள். ஐம்பது கிலோமீட்டர் சாலைதான், காலையில் நெரிசலும் இராது. ஊருக்குள் நுழையாமல் நேரே திருச்செந்தூர் சாலையில் திரும்பி, முத்தையாபுரம், முள்ளக்காடு பக்கம் உப்பளங்களுக்குப் போய்விடுங்கள். உப்பு அதிகம் விளைவதில் குஜராத்துக்கு அடுத்த மாநிலம் தமிழ்நாடு. தமிழ்நாட்டு உப்பில் பெரும்பகுதி தூத்துக்குடி மாவட்டத்தில் விளைகிறது. மழை முடிந்து பாத்திகளைச் செப்பனிட்டபின் தொடங்கும் பருவத்தில் மே மாதம் உச்சம் என்பதால், அந்த ஒரு விஷயத்தில் உங்கள் உறவினர்கள் சரியான காலத்தில்தான் வருகிறார்கள்.

உப்பளத்தைச் சாலையிலிருந்து பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். காவலாளியிடமோ கணக்கரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரப்பில் சிறிது தூரம் நடந்து போங்கள். அங்கே பெரும்பாலும் நிலத்தடி உவர்நீரைத்தான் மோட்டார் வைத்து இறைக்கிறார்கள். அதை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றி மாற்றி விட்டு வெயிலில் கெட்டியாக்குகிறார்கள். நீரின் அடர்த்தியை டிகிரிக் கணக்கில் பார்ப்பார்கள். கடல்நீர் 3 டிகிரி அளவில் இருக்கும், 25 டிகிரியை ஒட்டி வரும்போது உப்பு கட்டும். முதலில் நீரின் மேல் கண்ணாடித்தாள் போல ஓர் ஏடு படியும். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு மணியும் சின்னஞ்சிறு சதுரமாக இருப்பதும், சில மணிகள் நடுவில் குழிந்திருப்பதும் தெரியும். அது கனத்து அடியில் இறங்கியபின், நீண்ட கைப்பிடி வைத்த பலகையால் வாரி வரப்போரம் குவிப்பார்கள். கடைசிப் பாத்திகள் சிலவற்றில் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருக்கும். யாரும் சாயம் கலந்ததன்று, அந்த உவர்ப்பிலும் வாழக்கூடிய நுண்ணுயிர்களின் நிறம் அது. வெயில் ஏறிவிட்டால் அந்த வெண்மையைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதால் வேலையை இருட்டிலேயே தொடங்கிவிடுகிறார்கள். ஆகவே நீங்கள் ஏழு மணிக்குள் அங்கே இருந்தால்தான் ஆட்களோடு சேர்த்து உப்பளத்தைப் பார்க்க முடியும், பத்து மணிக்குப் போனால் வெறும் குவியல்களைத்தான் பார்ப்பீர்கள். ஆண்டுக்கணக்கில் அந்த ஒளியில் நின்றதால் கண் கெட்டவர்களும், உப்புநீர் ஊறிக் கால் வெடித்தவர்களும் அங்கே உண்டு. கேட்காமல் அவர்களைப் படம் எடுக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உங்கள் மாமியார் வரப்பில் நடக்க வேண்டியதில்லை, வரப்பு வழுக்கும். பூநாரைகள் வருவது குளிர்காலத்தில் என்பதால் அவற்றை எதிர்பார்க்க வேண்டாம்.

அங்கிருந்து ஊருக்குள் வந்து, ரயில் நிலையத்தின் அருகே வண்டியை நிறுத்திவிட்டு, ஒண்ணாம் கேட், ரெண்டாம் கேட் என்று ஊரார் வழி சொல்லும் ரயில்வே கேட்டுகளைக் கடந்து கிரேட் காட்டன் ரோட்டில் கிழக்கே நடந்தால் கடலில்தான் போய் முடியும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் பருத்தி மாட்டுவண்டியில் வந்து, பொதியாக அழுத்தப்பட்டு, திருநெல்வேலிப் பருத்தி என்ற பெயரில் கப்பலேறியது இந்த ஊரின் வழியாகத்தான். 1908 பிப்ரவரி–மார்ச்சில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்ற, இந்த ஊர்ப் பஞ்சாலையான கோரல் மில்லின் தொழிலாளர் வேலைநிறுத்தமும், அதையடுத்து வந்த கைதும், திருநெல்வேலியில் மூண்ட கலவரமும் உங்களுக்குத் தெரிந்தவையே. இன்று அந்தச் சாலையில் பழமை என்று கண்ணில் படுவது குறைவு. பெயர்ப் பலகைகளுக்கு மேலே நிமிர்ந்து பார்த்தால் சில மாடிகளில் பழைய மரச் சாளரங்கள் தெரியும், அவ்வளவுதான்.

பனிமய மாதா பேராலயத்தை எல்லோரும் சொல்வதால் நான் நீட்டவில்லை. இப்போதுள்ள கட்டடம் 1713-இல் அர்ச்சிக்கப்பட்டது. 1982-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. ஜூலை 26-இல் கொடியேறி ஆகஸ்ட் 5-இல் திருவிழா. அந்த 1713 என்ற ஆண்டை மட்டும் சற்று நின்று யோசிக்கலாம். போர்ச்சுக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் 1658-இலேயே ஊரைக் கைப்பற்றிவிட்டார்கள். அவர்கள் சீர்திருத்தச் சபையினர், கத்தோலிக்கத்தோடு பகை கொண்டவர்கள். அவர்களுடைய ஆட்சி நடந்துகொண்டிருக்கும்போதே இந்தக் கரையின் மீனவர்களான பரதவர்கள் தங்கள் மாதாவுக்கு இந்தக் கோவிலைக் கட்டி முடித்திருக்கிறார்கள். டச்சுக்காரர்கள் தங்களுக்கென்று கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயம் 1750-ஐச் சேர்ந்தது. அதாவது ஊரை ஆண்டவர்களின் கோவில் ஆளப்பட்டவர்களின் கோவிலுக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டு இளையது. இரண்டையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். என் கணக்கில் ஊருக்குள் இருக்கும் மிகச் சுவையான நடை இதுவே.

பிறகு பழைய துறைமுகம். உள்ளே அனுமதி இல்லாமல் விடமாட்டார்கள். வெளியிலிருந்தே தோணிகளின் பாய்மரங்கள் தெரியும். மரத்தாலான அந்தத் தோணிகள் இன்றும் மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் ஏற்றிப் போகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும்போது கடலோடாமல் கரையில் நின்று பழுது பார்க்கப்படும். பலகைகளின் இடுக்கில் பஞ்சை அடைத்து உளியால் தட்டி இறுக்கும் வேலையைப் பார்க்கக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

வடக்கே இன்னும் நடந்தால் திரேஸ்புரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால், மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் கட்டிக் கிடப்பதையும் அவற்றுக்கு வண்ணம் பூசுவதையும்தான் நீங்கள் பார்ப்பீர்கள். மற்ற மாதங்களில் விடியுமுன் போய் அன்றிரவே திரும்பும் படகுகளின் ஏலம் இம்முறை உங்களுக்கு இல்லை. ஆனால் திரேஸ்புரத்து வள்ளங்களுக்கு, அதாவது சிறிய நாட்டுப் படகுகளுக்கு, அந்தத் தடை இல்லை. வள்ளம் கரை சேரும் நேரம் வலைக்கு வலை மாறும். மீன் வந்து இறங்கியதும் மணலிலேயே கூறு கட்டி ஏலம் நடக்கும். சீலாவும் ஊளியும் விலை போகும் வேகத்தைப் பின்தொடர்வது புதியவர்களுக்கு எளிதன்று. எட்ட நின்று பாருங்கள், வழியில் நிற்காதீர்கள். சங்கு குளிக்கிறவர்கள் இன்னமும் இருக்கும் பகுதி அது. முத்துக்குளிப்பின் பெயரால் ஊர் முத்துநகர் ஆயிற்றே தவிர, இன்று கடலடிக்குப் போகிறவர்கள் சங்குக்காகத்தான் போகிறார்கள்.

பதினொரு மணியிலிருந்து நான்கு மணிவரை வெளியே நடக்க வேண்டாம். மே மாத வெயிலில் அது வீண் துன்பம். மீன் சாப்பாட்டை முடித்துவிட்டு மாமியாரைப் படுக்க வையுங்கள்.

மாலையில் தெற்குக் கடற்கரைச் சாலை. ரோச் பூங்கா, முத்துநகர் கடற்கரை இரண்டும் குழந்தைகள் ஓடியாட நல்ல இடங்கள். அதற்குமேல் அவற்றைப் புகழ எனக்கு மனமில்லை. கரை கிழக்குப் பார்த்தது, சூரியன் ஊருக்குப் பின்னால்தான் மறையும். எனவே கடலில் அந்தி பார்க்கலாம் என்று யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். 1974-இல் திறக்கப்பட்ட புதிய துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் கடலுக்குள் நீள்கின்றன. நடக்க அருமையான இடமாகத் தோன்றும், ஆனால் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. தீவுகளுக்குப் படகில் போகலாமா என்று உங்கள் மைத்துனர் கட்டாயம் கேட்பார். 1986 முதல் அவை கடல்சார் தேசியப் பூங்கா; அனுமதியின்றி இறங்க முடியாது, அப்படி இருப்பதே நல்லது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல காலம் பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததில் அரண் குலைந்து, தூத்துக்குடியை ஒட்டிய விலாங்குச்சல்லித் தீவு நீருக்குள் போயேவிட்டது. கரையை அலையிலிருந்து காக்கும் அரணும் இந்தப் பாறைகள்தாம் என்பதை மேலே சொல்லியிருக்கிறேன்.

கன்னியாகுமரியா, தூத்துக்குடியா என்ற கேள்விக்கு வருகிறேன். பிள்ளைகள் அலையில் குளித்தே ஆகவேண்டும் என்றால் தூத்துக்குடி அவர்களுக்குச் சலிப்பூட்டும். அப்போது திருச்செந்தூரைத் தாண்டி மணப்பாட்டுக்குப் போங்கள். மணற்குன்றின்மேல் நிற்கும் திருச்சிலுவைக் கோவிலும், ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் கழிமுகமும் சேர்ந்து, படம் பிடிக்கத்தக்க காட்சி என்று பார்த்தால் நம் வட்டாரத்தில் அதற்கு ஈடு சொல்வது கடினம். பிள்ளைகள் சற்றே வளர்ந்தவர்கள், கேள்வி கேட்கிறவர்கள் என்றால், தயங்காமல் தூத்துக்குடிக்கே அழைத்துப் போங்கள்.

மக்ரூன் வாங்க மறக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். கிளம்பும்போது வாங்குங்கள், காலையிலேயே வாங்கிவிடாதீர்கள்: முட்டையின் வெள்ளைக்கருவை அடித்துச் சீனியும் முந்திரித்தூளும் சேர்த்து மெல்லிய சூட்டில் உலர்த்தியெடுக்கும் பண்டம் என்பதால் கடற்காற்றின் ஈரம் பட்டால் நமுத்துப்போய்விடும். கூட வருகிறவர்களில் முட்டை சேர்க்காதவர் யாரேனும் இருந்தால் அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பார்த்தால் முட்டை தெரியாது.

அன்புடன்.