மைஎஸ்க்யூஎல் போன்ற தரவுத்தளத்தில், உரையைச் சேமிக்கும் புலத்துக்கு வார்சார்(50)-க்குப் பதில் வார்சார்(255) என்று வைத்தால் இடம் வீணாகுமா?

வட்டில் வீணாகாது. அடைப்புக்குறிக்குள் இருப்பது எத்தனை குறிகள் வரை சேமிக்கலாம் என்ற உச்சவரம்புதான், ஒதுக்கீடு அல்ல. ‘தமிழ்’ என்று சேமித்தால் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் 15 பைட். பார்க்க மூன்றெழுத்து, ஆனால் ‘மி’-யின் மேல்விலங்கும் ‘ழ்’-இன் புள்ளியும் தனிக் குறிகள். ஆக ஐந்து, ஒவ்வொன்றுக்கும் 3 பைட். கூடவே நீளத்தைக் குறிக்க மைஎஸ்க்யூஎல்லில் 1 அல்லது 2 பைட். அவ்வளவுதான்.

அதற்காக எல்லாவற்றுக்கும் 255 போடுவது சோம்பேறித்தனம் என்பேன். மைஎஸ்க்யூஎல் 5.7 வரை, நினைவகத்தில் உருவாகும் தற்காலிக அட்டவணைகள் முழு அகலத்தையும் பிடித்துக்கொள்ளும்: ஒரு குறிக்கு 4 பைட் வரை எடுக்கும் யூடிஎஃப்8எம்பி4 குறியாக்கத்தில் 255 குறிக்கு 1,020 பைட், உள்ளே ஒரே சொல் இருந்தாலும். 8.0-இல் இந்தத் தற்காலிக அட்டவணைகளுக்காக வந்த டெம்ப்டேபிள் இன்ஜின் இதைச் சரிசெய்துவிட்டது. போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் இந்தக் கவலையே வேண்டாம். அங்கே வரம்பு வெறும் சரிபார்ப்புதான்.