அம்மாவின் அலுமாரியை இப்போதைக்கு விடுங்கள்

கேள்வி: அக்கா, எங்கள் வீடு உப்புவெளியில். கனடாவிலிருந்து பெட்டி பெட்டியாக வந்த உடுப்பு, பிடி கழன்ற சட்டிகள், போத்தல், ஐஸ்கிரீம் டப்பா, முற்றத்தில் பழைய டயர் என்று காலை வைக்க இடமில்லை. 2006இல் மூதூரிலிருந்து ஒரு பையோடு இடம்பெயர்ந்த அம்மா எதையும் எறிய விடுகிறார் இல்லை. சாமான் குறைந்தால் மனம் அமைதியாகும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள், இங்கே சண்டைதான் வருகிறது. என்ன செய்ய?
- வாசகி, உப்புவெளி

பதில்: தங்கச்சி, உங்கள் தவிப்பு வீண் கற்பனை இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் 30 தம்பதிகளை வைத்து நடத்தி 2010இல் வெளியான ஓர் ஆய்வில், வீடு அடைசலாகக் கிடக்கிறது என்று சொன்ன மனைவிமாரின் உடலில், காலையில் கூடி மாலைக்குள் நன்றாகத் தணிய வேண்டிய கோர்ட்டிசோல் என்ற மனஅழுத்தச் சுரப்பு அவ்வளவாகத் தணியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் 'என்னை என்ன செய்யப்போகிறாய்' என்று ஒரு சாமான் கேட்டுக்கொண்டிருந்தால் மனம் எங்கே ஓயும்?

ஆனால் அம்மா பக்கமும் நியாயம் இருக்கிறது. 'வேண்டாததைக் கொடுத்துவிடு, தேவைப்பட்டால் திரும்ப வாங்கலாம்' என்பது அந்த வீடியோக்காரர் பேச்சு, கடை எப்போதும் திறந்திருக்கும், கையில் காசும் இருக்கும் என்று நம்புகிறவரின் பேச்சு. 1990 போர், 2004 சுனாமி, 2006இல் மறுபடி போர் என்று திரும்பத் திரும்ப எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிய திருகோணமலையில் ஒரு சட்டிக்கும் தறப்பாளுக்கும் நிவாரண வரிசையில் நின்றவர்களிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. 2022இல் காஸுக்கும் பால்மாவுக்கும் நாம் எல்லோரும்தானே வரிசையில் நின்றோம்! அம்மா சேர்த்து வைத்திருப்பது குப்பை இல்லை, பயம். அந்தப் பயத்துக்கு வேறு பாதுகாப்புக் கொடுக்காமல் சாமானில் கைவைத்தால் சண்டைதான் வரும்.

அதனால் முதலில் எறியாதீர்கள், சேருங்கள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி, அம்மாவின் மருந்து, ஒரு சோடி உடுப்பு, டோர்ச் எல்லாவற்றையும் தண்ணீர் புகாத ஒரு பையில் போட்டு, அம்மாவே எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். இனி அவசரம் வந்தால் எதைத் தூக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும், மற்றதில் பிடி மெல்லத் தளரும்.

அடுத்தது உங்கள் சொந்தச் சாமான். அம்மாவின் அலுமாரி கடைசி, அதுவும் அவர் கையாலேயே. கனடா உடுப்பில் நம் வெயிலுக்கு ஆகாத குளிர் ஜக்கெட்டுகள் எப்படியும் இருக்கும், நுவரெலியாப் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் அனுப்பலாம். 'எறிவோமா' என்று கேட்காமல் 'யாருக்குக் கொடுப்போம்' என்று கேட்டுப் பாருங்கள். இல்லாத கஷ்டம் தெரிந்தவர், அவரே ஆளைச் சொல்வார்.

சரி, முற்றத்துக்கு மட்டும் இந்தப் பொறுமை வேண்டாம். 2017இல் கிண்ணியாவை டெங்கு என்ன பாடு படுத்தியது என்று அம்மாவுக்கும் ஞாபகம் இருக்கும். அந்த நுளம்பின் முட்டை பாத்திரத்தின் உட்பக்கத்தில் ஒட்டிக் காய்ந்தபடியே மாதக்கணக்கில் கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. வைத்துக்கொள்ளும் டப்பாக்களை நன்றாகத் தேய்த்துக் கழுவி வீட்டுக்குள்ளே கவிழ்த்து வையுங்கள், டயரை ஒக்டோபர் மழைக்கு முன்பே முற்றத்திலிருந்து அகற்றிவிடுங்கள்.